கறையம்மா துடைத்த படம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தின் கடைசி மூலையில், கறை மேசை என்று ஒன்று உண்டு. இயந்திரம் கைவிட்ட துணியெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருபத்தாறு வருஷமாக அந்த மேசையை ஆண்டுவந்தது ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் கறையம்மா.

கறை விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. ரத்தமென்றால் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. துருவா, மையா, மருந்தா என்று தூக்கி வெளிச்சத்தில் பிடித்தே சொல்லிவிடுவாள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முரட்டுத்தனமாகத் தேய்த்தால், "அது கறைம்மா, உன் நாத்தனார் இல்ல. மெதுவா" என்பாள். அந்த மேசைக்கென்று ஒரு சட்டமும் உண்டு. போர்வையோ அங்கியோ, ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அழியாத மையில் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் எந்தத் துணியையும் நனைக்கக் கூடாது. துடைக்கும்போது எண் அழிந்துபோனால் துணி அநாதையாகிவிடும் என்பதால் வந்த சட்டம் இது. வருஷக்கணக்காகப் படித்துப் படித்து எண் பார்த்தால் அவள் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்ட ஸ்கூட்டரின் எண்கூட அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் ஓவியங்களையும் சிலைகளையும் மரப்பெட்டியில் அடைத்துக் கண்காட்சிகளுக்கு அனுப்புகிற கம்பெனியில் பெட்டி அடிப்பவர். பெட்டிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். கூச்ச சுபாவம். கடையில் மிச்சக்காசு தரவில்லை என்றால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற மனுஷன். ஆனால் ஒரே ஒரு கதையை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அவர் கண் சுவரிலிருக்கும் படத்துக்குப் போய்விடும்.

இரண்டு முழ அகலமுள்ள படம். ஒரு மஞ்சள் சுவர், பாதி திறந்த கதவு, கதவோரம் ஒரு வாளி. அவ்வளவுதான். கறையம்மாவுக்கு அதில் பெரிய பிடித்தம் கிடையாது. "இருக்கற சுவர் போதாதுன்னு சுவர்மேல இன்னொரு சுவரு" என்று சிரிப்பாள். ஆனால் வரைந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. செத்துப் பதினைந்து வருஷமாகியும் பாடப்புத்தகத்தில் அவர் படம் இருக்கிறது. பெட்டிக்காரர் சொல்லும் கதை இதுதான். வாலிபத்தில் ஒருநாள் முழுக்க அந்த ஓவியரின் பட்டறையில் பெட்டி அடித்தாராம். சாயங்காலம் ஓவியரே கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்து, "உன் கை என் கையைவிட நிதானமா இருக்குப்பா" என்று சொல்லி இந்தப் படத்தைக் கொடுத்தாராம்.

இந்தக் கதை முதல்முதலாக அரங்கேறியது அவளைப் பெண் கேட்டு வந்த அன்று. பழைய போர்வையில் சுற்றிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். "பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலையா?" என்று அவளுடைய அப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார். இவர் போர்வையைப் பிரித்தார். நாற்காலியையும் டீயையும் சொன்னார். அப்பாவின் குரல் மாறிவிட்டது. "அவ்ளோ பெரிய மனுஷனே பக்கத்துல உக்காரவெச்சுப் பேசியிருக்கார்னா, ஆள் சோடை போகமாட்டான்" என்று உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஓடியது.

போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தபடியே பெட்டிக்காரர் சாய்ந்துவிட்டார். கறையம்மா அழவில்லை. "மனசுல வெச்சுக்காதே, அழுதுடு" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளும் முயற்சி செய்துதான் பார்த்தாள். படுத்த வாக்கில் கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, உள்ளே அப்படித்தான் இருந்தது. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். துணிகள் வந்தன, எண்ணைப் படித்தாள், துடைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா செல்லம். சந்தேகத்துக்குரிய ஓவியங்களைத் துப்பறிந்து, அசலா போலியா, எங்கிருந்து எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கிற டிவி நிகழ்ச்சி ஒன்று உண்டு. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் அதற்குப் படத்தை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். அப்பாவின் கதையை ஊரே கேட்கட்டும் என்ற ஆசைதான். நிகழ்ச்சிக்காரர்கள் ஓவியரின் மகளிடம் விசாரித்தார்கள். அந்த அம்மாள் பத்திரிகைக்கே சொல்லிவிட்டாள்: "எங்க அப்பா யாருக்கும் சும்மா படம் குடுத்ததே கிடையாது. பெரும்பாலும் அது போலியாத்தான் இருக்கும். அசல்னா, எங்க பட்டறையிலேருந்து யாரோ திருடினது."

செய்தியை டீச்சர் மகள் இரண்டு தடவை படித்தாள். படம் பொய்யென்றால் அப்பா புளுகன், நிஜமென்றால் திருடன். நடுவில் அவர் நிற்க ஓர் அடி இடம்கூட இல்லை.

"நான்தான்மா கெடுத்தேன். வேணாம்னு சொல்லிடவா?"

"வரட்டும்" என்றாள் கறையம்மா. "திருடலைன்னு யாராவது சொல்லித்தானே ஆகணும். அவரால இப்ப வந்து சொல்ல முடியாது." இதைச் சொல்லும்போதும் அவள் குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை.

கேமரா வருகிறது என்றால் யார்தான் வீட்டைச் சுத்தம் செய்யாமல் இருப்பார்கள்? முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் ஜன்னலைத் துடைத்தாள், மின்விசிறியைத் துடைத்தாள், கடைசியில் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். முன்பக்கத்தைத் தொடக்கூடாது என்கிற புத்தி அவளுக்கு இருந்தது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டியதோடு சரி. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத் துணி முழுக்க ஒட்டடை, பழுப்பு வளையங்கள், நீல மெழுகுச் சாக்பீஸில் பெரிய எழுத்தில் ஏதோ கிறுக்கல். பெரிய மனிதர்கள் வந்து திருப்பிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இருபத்தாறு வருஷம் கறை மேசையில் நின்றவள் வீட்டில் இப்படி ஒரு துணியா? வெறும் சோப்பு நுரையை ஒற்றி எடுத்தாள். மெழுகுக்கு ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, தேய்க்காமல் உருட்டி உருட்டி எடுத்தாள். நாலு மணி நேரம் ஆனது. அவர் போன பிறகு அவள் முழு மனதோடு செய்த முதல் வேலை அதுதான்.

படப்பிடிப்புக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். சோபாவை ஜன்னலோரம் தள்ளினார்கள், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள், மூடிய ஜன்னலுக்கு வெளியிலிருந்து வெயில் மாதிரி விளக்கு அடித்தார்கள். சும்மா விட்டிருந்தால் வெயிலே வந்திருக்கும். அவளை அறைக்குள் மூன்று தடவை நடந்து வரச் சொன்னார்கள். "படத்தைப் பாருங்கம்மா, பழைய ஞாபகமெல்லாம் வர்ற மாதிரி" என்றார் இயக்குநர். அவள் பார்த்தாள். ஒரு ஞாபகமும் வரவில்லை. "பிரமாதம்" என்றார் இயக்குநர்.

நிகழ்ச்சியின் நிபுணர் ஓர் ஒல்லியான பெண்மணி, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். முன்பக்கத்தை விரலால் தொடாமல் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "ஒரு படத்தோட ஜாதகமே அதோட முதுகுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்பினார். அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

"இது... யார் சுத்தம் பண்ணது?"

"நான்தான்" என்றாள் கறையம்மா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அம்மா!" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நிபுணர் கோபப்படவில்லை, பாவம். எதைப் போட்டு எப்படி எடுத்தாள் என்று கேட்டார். நுரை, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொன்னாள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. எங்க ஆளுங்களே இப்படிப் பண்ணமாட்டாங்க. அதாம்மா பிரச்சினை" என்றார் நிபுணர். "அந்த எழுத்து ஓவியரோட கையெழுத்தா இருந்திருந்தா, யாருக்குக் குடுத்தார்னு அதுலயே இருந்திருக்கும்."

கறையம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை அவளே பஞ்சால் உருட்டி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறாள். நெஞ்சு அடைக்க வேண்டும் என்று நினைத்தாள். அடைக்கவில்லை. நிபுணர் பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றாள். இயக்குநருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை, இப்படி ஒரு காட்சி அவருக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

படத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். வாரங்கள் போயின. சாயமும் துணியும் ஓவியரின் காலத்தவை, கைவாகும் அவருடையதுதான் என்று தகவல் வந்தது. ஆக, அசல். மகள் போனை வைத்துவிட்டு அழுதாள். அசல் என்ற பிறகு புளுகன் பட்டம் போய்விட்டது, திருடன் பட்டம்தான் மிச்சம். பின்பக்கத்தை எத்தனையோ விதமான விளக்கு போட்டுப் பார்த்தும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லையாம். கறையம்மா துடைத்தால் அப்படித்தான்.

அவளுடைய வாழ்க்கையைக் காட்டவேண்டும் என்று அடுத்த மாதம் சலவைக்கூடத்துக்கே வந்தார்கள். தொகுப்பாளர் நல்ல உயரம், நல்ல பல்வரிசை. ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேள்வி கேட்பதற்கே அவருக்குச் சம்பளம். அவள் ஓர் அங்கியை எடுத்து, "நாநூத்தி மூணு" என்று படித்துவிட்டுத் தண்ணீரைத் தொட்டாள்.

"எதுக்கும்மா எண்ணைச் சொல்றீங்க?"

"படிக்காம நனைக்கமாட்டோம். அழிஞ்சிட்டா யாரோடதுன்னு தெரியாதே."

தொகுப்பாளர் அடுத்த கேள்விக்குத் தாளைப் பார்த்தார். பிறகு தாளை இறக்கினார். இந்தத் தடவை அவர் நிஜமாகவே கேட்டார்: "அம்மா, அந்தப் படத்துல ஏதாவது எண் இருந்துச்சா?"

"இருந்துச்சே. மேல ஏதோ ரெண்டு வரி கிறுக்கல், அதைப் படிக்கலை. கீழே இருநூத்திப் பதினேழு."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "இதை ஏம்மா இவ்ளோ நாளா சொல்லலை?" என்று இயக்குநர் பதறினார். "யாரும் கேக்கலையே" என்றாள் அவள். உண்மைதான், எழுத்தைக் கேட்டார்களே தவிர எண்ணை யாரும் கேட்கவில்லை. வேறு கோணத்தில் எடுக்க வேண்டும் என்று அவளை இன்னும் இரண்டு தடவை இருநூற்றுப் பதினேழு சொல்ல வைத்தார்கள்.

நிகழ்ச்சியின் தீர்ப்பு நாளன்று ஒரு பழைய மண்டபத்தில் படம் தாங்கியின்மேல் நின்றது. ஒலிப்பதிவாளர், முப்பது வயசிருக்கும், அவள் சேலை மடிப்பில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, கம்பியை முதுகுப்பக்கம் விட்டு, இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டினார். எதிரே ஓவியரின் மகள், மடியில் ஒரு தடித்த பழைய பதிவேடு. ஓவியர் தன் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நீல மெழுகுச் சாக்பீஸில் எண் போடுவாராம், அது என்ன ஆயிற்று என்று பட்டறைக் குமாஸ்தா பதிவேட்டில் எழுதுவாராம். இதுவரை வெளியார் யாரும் பார்க்காத, எண் தெரியாமல் எதையும் தேடியெடுக்க முடியாத பதிவேடு. இந்தப் பக்கம் மகளின் விரல்கள் கறையம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஓவியரின் மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்:

"இருநூற்றுப் பதினேழு. மஞ்சள் சுவர், கதவு, வாளி. சரிவரவில்லை. கழித்தது. பெட்டியில் முட்டுக் கொடுக்க உபயோகிக்கவும்."

பெரிய படங்கள் பெட்டிக்குள் ஆடாமலிருக்க இடையில் எதையாவது செருகுவார்கள். ஓவியர் தனக்குப் பிடிக்காமல் போன படத்தை அதற்குப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். கறையம்மா படிக்காமல் துடைத்த இரண்டு வரியும் இதுவாகத்தான் இருந்திருக்கும். பெட்டி போய்ச் சேர்ந்த இடத்தில் படங்களை எடுத்துக்கொண்டு, முட்டுக் கொடுத்ததையெல்லாம் குப்பையில் போடுவதுதான் வழக்கம். பெட்டியோடு கூடப்போன பெட்டிக்காரர் இந்த ஒன்றை மட்டும் குப்பைக்குப் போகவிடவில்லை.

ஓவியரின் மகள் எழுந்து வந்து கறையம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. தூக்கிப்போட்டதை எடுத்துட்டுப்போறது திருட்டில்லை. அப்பாவே கழிச்ச படத்தை எங்க பட்டியல்ல சேக்க முடியாது. ஆனா இது உங்களோடது."

எல்லோரும் கைதட்டினார்கள். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்பா திருடலைம்மா, அப்பா திருடலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கறையம்மா மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நாற்காலி இல்லை. டீ இல்லை. உன் கை நிதானமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் உறைத்தது போலிருந்தது.

"மன்னிக்கணும், ஏசி சத்தம் உள்ளே வந்துடுச்சு. இன்னொரு தடவை போயிடலாம்" என்றார் இயக்குநர். ஆகவே ஓவியரின் மகள் திரும்பவும் உட்கார்ந்து, திரும்பவும் கண்ணாடியை மாட்டி, திரும்பவும் வாசித்தாள். சரிவரவில்லை, கழித்தது. தொகுப்பாளர் முதல் தடவை அதிர்ந்த அதே அளவுக்கு இரண்டாம் தடவையும் அதிர்ந்தார். "அம்மா, கொஞ்சம் சிரிச்ச முகமா" என்று யாரோ சொன்னார்கள். அவள் சிரித்தாள்.

எல்லாம் முடிந்ததும் உடைமாற்றுகிற அறையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். மகள் வண்டி வரவழைக்கப் போனாள். பெரிய கண்ணாடி, அதைச் சுற்றி விளக்குகள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கறையம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் போன நாளிலிருந்து முதல்முறையாக, அவரிடம் பேசினாள்.

"ஏங்க. முட்டுக் குடுத்த படம்னு சொன்னா என்னங்க குறைஞ்சிடும்? குப்பைக்குப் போக இருந்துச்சு, பாக்க நல்லா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே. எங்கப்பாவுக்குத்தான் பெரிய மனுஷன் தேவைப்பட்டார். எனக்கெதுக்குங்க? நீங்க போர்வையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே நான் உள்ளே அம்மாகிட்ட சரின்னு தலையாட்டிட்டேன். அதை நானும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன் பாருங்க."

கண்ணாடியில் இருந்த ஒரு விரல் தடத்தைச் சேலை நுனியால் துடைத்தாள்.

"முப்பத்தோரு வருஷம். வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் அந்த நாற்காலியைத் தூக்கிட்டே அலைஞ்சிருக்கீங்களே. கனக்கலையாங்க? என்கிட்டயாவது இறக்கி வெச்சிருக்கலாம்ல."

கதவு தட்டப்பட்டது. ஒலிப்பதிவாளர். காதிலிருந்த ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியிருந்தது. நேராக அவளைப் பார்க்கவில்லை.

"அம்மா, மன்னிச்சுடுங்க. உங்க மைக்கை நிறுத்த மறந்துட்டேன். பதிவு எதுவும் ஓடலை. என் காதுல மட்டும்தான் விழுந்துச்சு."

கறையம்மா சேலையிலிருந்து மைக்கைக் கழற்றித் துணி கிழியாமல் பதமாக எடுத்தாள். "முழுசாவா?"

"முழுசாத்தாம்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. குப்பையிலேருந்து எடுத்தேன்னு அவர் சொல்லியிருந்தா, நான் அவரை வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அவர் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். மரியாதைக்குச் சொல்கிற பதிலாக இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"சொல்லியிருக்கமாட்டீங்கம்மா."

அவள் தலையாட்டினாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அவர் கம்பியைப் பாதியிலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, யாரும் உள்ளே வராமல் வெளியே நின்றுகொண்டார்.